‘கம்ப்யூட்டர் போச்சு!’ என்று மெக்கானிக் சொன்னால்…

மழை விட்ட மறுநாள் காலை. பள்ளிக்குக் கிளம்பிய ஆசிரியை ஒருவரின் கார், தெருமுனையைத் தாண்டியதும் குலுங்க ஆரம்பிக்கிறது. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. எப்படியோ உருட்டிக்கொண்டு பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்கிறார்.

“மிஸ்ஸிங் அடிக்குது டீச்சர். பிளக் மாத்திடுவோம்” என்கிறார் அங்கிருந்த இளைஞர். பிளக் மாறுகிறது; குலுக்கல் மாறவில்லை. இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார்கள். அதற்கு ஒரு பில். மூன்றாம் நாள் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கிறார்.

“கம்ப்யூட்டர் போச்சு டீச்சர். ஸ்கேனரே சொல்லுது பாருங்க. புதுசு போட்டா நாற்பத்தஞ்சாயிரம் ஆகும். இல்லேன்னா பழசு ஒண்ணு இருக்கு, பத்தாயிரத்துக்குள்ள முடிச்சுடலாம்.”

வண்டிக்கு வயது ஒன்பது. மகனின் கல்லூரி விடுதிக்கு மாதக் கடைசிக்குள் கட்டவேண்டிய பணமும் கிட்டத்தட்ட அதே நாற்பத்தைந்துதான். “ரெண்டு நாள் டைம் குடுங்க தம்பி” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறார் டீச்சர்.

இந்தக் காட்சியை எந்த ஊருக்கும் பொருத்திக்கொள்ளலாம். 2020 ஏப்ரல் 1-ம் தேதி பிஎஸ்-6 விதி வந்த பிறகு, காரில் மட்டுமல்ல, ஸ்கூட்டரிலும் பைக்கிலும்கூட கார்புரேட்டர் இருந்த இடத்தில் இன்ஜெக்டரும், அதை ஆட்டுவிக்க ஒரு கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. ஆகவே, ‘கம்ப்யூட்டர் போச்சு’ என்ற வார்த்தையை இனி எந்த வீட்டிலும் கேட்க நேரலாம். அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஈசியூ என்பது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டி. சில கார்களில் பானெட்டுக்குள் இருக்கும். சிலவற்றில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். இன்ஜின் எத்தனை வேகத்தில் சுற்றுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு, எத்தனை மில்லி செகண்ட் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எந்த நொடியில் பொறி விழ வேண்டும் என்று பெட்டி முடிவு செய்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 பொறி விழவேண்டும். அதில் ஒன்று தவறினாலும் பெட்டி கவனித்துவிடும்.

உள்ளே முக்கியமாக நான்கு பகுதிகள். பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகவும் அதற்குக் கீழாகவும் குறைத்துக் கொடுக்கும் பகுதி ஒன்று. கணக்குப் போடும் சிப்பும் அதன் நினைவகமும் இரண்டாவது. காயில், இன்ஜெக்டர் போன்றவற்றுக்குப் பாயும் மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரைவர் டிரான்சிஸ்டர்கள் மூன்றாவது. ஏபிஎஸ், ஏர்பேக் முதலிய மற்றப் பெட்டிகளோடு பேசும் பகுதி நான்காவது. ‘ஈசியூ போச்சு’ என்றால் இந்த நான்கில் எது போனது என்று சொல்ல முடியவேண்டும். சொல்ல முடியாவிட்டால், அது சோதனை அல்ல, ஊகம்.

தன்னைத் தானே சோதிக்கும் பெட்டி

பெட்டி தன் உடம்பையும் தானே பார்த்துக்கொள்கிறது. மளிகைக் கடைச் சீட்டில் கடைசியில் மொத்தத் தொகை எழுதியிருப்பார்கள் அல்லவா? வீட்டுக்கு வந்து மறுபடி கூட்டும்போது மொத்தம் இடித்தால், நடுவில் ஏதோ ஓர் எண் மாறிவிட்டது என்று அர்த்தம். நினைவகத்தில் உள்ள நிரலையும் பெட்டி இப்படியே கூட்டிப் பார்க்கும். தொகை இடித்தால் பி0601 என்ற கோடைப் பதியும். தற்காலிக நினைவகத்தில் ஓர் எண்ணை எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும்; வேறு எண் வந்தால் பி0604. நிரந்தர நினைவகத்தில் கோளாறு என்றால் பி0605.

கணக்குப் போடும் சிப்புக்கே ஒரு காவலாளியும் உண்டு. ராத்திரி ரோந்து வரும் கூர்க்கா குறித்த நேரத்தில் விசில் ஊதுவது போல, சிப் சில மில்லி செகண்டுக்கு ஒரு முறை ‘விழித்திருக்கிறேன்’ என்று சைகை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காவலாளிச் சுற்று அதைத் தட்டியெழுப்பி மறுபடி தொடங்க வைக்கும். சிப்பின் வேலையிலேயே சந்தேகம் வந்தால் பதிவாவது பி0606.

டீச்சரின் காரில் ஸ்கேனர் காட்டியது மூன்று கோடுகள். மூன்றாவது சிலிண்டரில் பொறியோ எரிப்போ தவறுகிறது என்னும் பி0303, மின் அழுத்தம் குறைவு என்னும் பி0562, கூடவே பி0606. அந்தக் கடைசி ஒன்றைப் பார்த்துத்தான் தம்பி தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஆனால் பக்கத்திலேயே இருந்த பி0562-ஐ அவர் கண்டுகொள்ளவில்லை. பட்டினி கிடப்பவருக்குத் தலை சுற்றினால் மூளையில் கோளாறு என்று சொல்லிவிட முடியுமா? பெட்டிக்கு வரும் மின்சாரம் தடுமாறினாலும் சிப் தடுமாறும், பி0606 விழலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே பி0603 என்ற கோடு விழும் கார்களும் உண்டு. ஸ்கேனர் காட்டுவது சந்தேகப் பட்டியல். சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.

பெட்டியைத் தொடும் முன்

டீச்சரோடு வேலை பார்ப்பவர் ஒருவர் சொல்லி, கார் ஒரு பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போகிறது. அறுபதை நெருங்கும் வயது.

“அண்ணே, கம்ப்யூட்டர் போச்சுன்னு சொல்றாங்க. நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.”

“பாக்குறேன் டீச்சரம்மா. அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேணாம். அந்த லைட்டு கண்ண சிமிட்டுச்சுன்னா ஓட்டவே கூடாது.”

அதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஜின் விளக்கு நிலையாக எரிவது ‘சீக்கிரம் காட்டுங்கள்’ என்று சொல்வது. சிமிட்டுவது ‘இப்போதே நிறுத்துங்கள்’ என்று சொல்வது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். அதற்கு ஆகும் செலவு தனி.

அவர் முதலில் எடுத்தது ஸ்கேனரை அல்ல, மல்டிமீட்டரை. இன்ஜின் நின்றிருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்கிறதா, ஸ்டார்ட் செய்யும் நொடியில் 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்குகிறதா, ஓடும்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்கிறதா? மூன்றும் சரி. ஈசியூவுக்கான பியூஸ், மெயின் ரிலே இரண்டும் சரி.

அடுத்தது எர்த். பெட்டிக்கு வந்த மின்சாரம் திரும்பிப் போகும் வழி அது. பலர் இங்கே மீட்டரை ஓம்ஸில் வைத்து, ‘பீப்’ சத்தம் வந்தால் எர்த் சரி என்று விட்டுவிடுவார்கள். கிணற்றுக் கயிறு பத்துப் புரியில் ஒன்பது அறுந்து ஒரு புரியில் தொங்கினாலும், சும்மா பார்க்கும்போது முழுக் கயிறு போலத்தான் தெரியும். தண்ணீரோடு வாளி ஏறும்போதுதான் உண்மை தெரியும். எர்த் கம்பியும் அப்படித்தான். இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டு, ஈசியூவின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது.

டீச்சரின் காரில் காட்டியது 0.7. இன்ஜின் பக்கம் எர்த் கம்பியை முறுக்கியிருந்த போல்ட்டில் துரு. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் 0.04-க்கு வந்தது. கோடுகளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார். பி0562 வரவில்லை. பி0606-ம் வரவில்லை.

ஆனால் குலுக்கல் நிற்கவில்லை. பி0303 திரும்பி வந்தது.

ஐந்து வோல்ட் கம்பி

இங்கே இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். பல சென்சார்களுக்கு ஈசியூ ஒரே 5 வோல்ட் கம்பியிலிருந்து மின்சாரம் கொடுக்கும். அதில் ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், அந்தக் கம்பி முழுக்கப் படுத்துவிடும். எல்லாச் சென்சாரும் ஒரே நேரத்தில் பொய் சொல்லும். வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். பார்க்கிறவருக்குப் பெட்டியே செத்த மாதிரி இருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. மீட்டரை 5 வோல்ட் கம்பியில் வைத்துக்கொண்டு, சென்சார்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை, நடுவில் கம்பியும் எங்கும் உரசவில்லை, பெட்டிக்கு 12 வோல்ட்டும் எர்த்தும் சரியாகப் போகின்றன என்றால் மட்டுமே பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

ஸ்கேனர் பேசவே மறுக்கும் வண்டிகளுக்கும் இதுபோல ஒரு வரிசை உண்டு. மற்றப் பெட்டிகள் பேசுகின்றன, ஈசியூ மட்டும் மௌனம் என்றால் முதலில் அதன் மின்சாரத்தையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். எதுவுமே பேசவில்லை என்றால் பெட்டிகளை இணைக்கும் கேன் கம்பிகளைப் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் மாட்டும் 16 முனைச் சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் நடுவே அளந்தால், அந்த இரு முனைகளிலும் கேன் கம்பி வரும் பெரும்பாலான கார்களில் 60 ஓம்ஸ் அளவில் காட்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு கம்பியும் உரசுகின்றன. பானெட்டுக்குள் எலி கடித்த கம்பியால் இப்படி ஆகும் வண்டிகள் நம் ஊரில் ஏராளம்.

மூன்றாவது சிலிண்டர்

டீச்சரின் காருக்கு வருவோம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உள்ள இன்ஜின் அது. இந்த இடத்தில் மெக்கானிக்குகள் வழக்கமாகச் செய்வது, மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, குலுக்கல் இடம் மாறுகிறதா என்று பார்ப்பது. நல்ல சோதனைதான். ஆனால் எலெக்ட்ரீஷியன் அதைச் செய்யவில்லை.

“அளக்காம மாத்தக் கூடாது டீச்சரம்மா. இந்தக் காயில் ஷார்ட்டா இருந்தா, நல்லா இருக்கற ரெண்டாவதையும் சேர்த்துக் காலி பண்ணிடும்.”

பல கார்களில் காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர் காயிலுக்குள்ளேயே இருக்கும். இந்தக் காரில் அது ஈசியூவுக்குள். காயிலின் சுற்று ஷார்ட் ஆகி அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால், அடி விழுவது பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டருக்கு.

நான்கு காயில்களையும் கழற்றி வரிசையாக வைத்து, மீட்டர் கம்பியின் சொந்த ஓம்ஸைக் கழித்துக்கொண்டு அளந்தார். மூன்று காயில்களும் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்றாவது சிலிண்டரின் காயில் மட்டும் அதில் பாதிகூட இல்லை. காயில் போய்விட்டது.

புதுக் காயில் வாங்கிப் போட்டார். குலுக்கல் அப்படியே இருந்தது. காயில் கனெக்டரில் 12 வோல்ட் வந்தது. ஈசியூவிலிருந்து வரும் கம்பியை இரண்டு முனையிலும் கழற்றிச் சோதித்தார். அறுபடவும் இல்லை, எங்கும் உரசவும் இல்லை. கடைசியாக ஆஸிலோஸ்கோப்பை எடுத்து, ஈசியூவின் காலிலேயே சைகையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, நான்காம் சிலிண்டர்களுக்கு ஒரே மாதிரி அலை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. மூன்றாவதுக்கு வெறும் நேர்கோடு.

உள்ளே வரவேண்டியது எல்லாம் வருகிறது. வெளியே போகவேண்டியது மட்டும் போகவில்லை. நடுவில் இருக்கும் கம்பியும் சரி. இப்போதுதான் ‘பெட்டிக்குள் கோளாறு’ என்று சொல்ல முடியும். அதுவும் எந்தக் கோளாறு என்று சேர்த்தே சொல்ல முடியும்: மூன்றாவது காயிலின் டிரைவர் டிரான்சிஸ்டர்.

அந்தத் தம்பி சொன்னதும் பாதி சரிதான். பெட்டியில் பழுது இருந்தது. ஆனால் அவர் சொன்னபடி காயிலை அளக்காமல் நாற்பத்தைந்தாயிரத்துக்குப் புதுப்பெட்டி போட்டிருந்தால், அதே காயில் அதையும் பதம் பார்த்திருக்கும்.

மாற்றுவதா, சரிசெய்வதா?

பெட்டிதான் பழுது என்று உறுதியான பிறகு மூன்று வழிகள். புதுப்பெட்டி என்றால், அதில் அந்த வண்டிக்குரிய மென்பொருளை ஏற்றி, சாவியின் இம்மொபிலைசரோடு பழக்க வேண்டும். அந்தச் செலவு சொன்ன விலைக்குள் அடங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பழைய பெட்டி என்றால், இம்மொபிலைசர் வேறு வண்டியின் சாவியைத்தான் எதிர்பார்க்கும்; சும்மா மாட்டினால் ஸ்டார்ட் ஆகாது. பார்ட் நம்பர் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது வேறு ரகமாக இருக்கலாம்.

மூன்றாவது வழி, பலகை அளவில் சரிசெய்வது. எரிந்த டிரைவர், விட்டுப்போன ஈயப் பற்று, காய்ந்துபோன கெபாசிட்டர் போன்றவற்றை மாற்ற முடியும். நினைவகத்தைத் தொடாததால் சாவிப் பிரச்சினை வராது. கணக்குப் போடும் சிப்பே போயிருந்தால், அல்லது தண்ணீர் புகுந்து பலகையின் செம்புக் கோடுகள் பச்சை பூத்து அரித்திருந்தால், இந்த வழி பெரும்பாலும் கைகொடுக்காது.

சூடானால் நின்று, ஆறினால் ஓடும் வண்டிகள் தனி ரகம். ஈயப் பற்றில் மயிரிழை விரிசல் இருந்தால் இப்படி ஆகலாம். பெட்டியை ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கியும், விரலால் லேசாகத் தட்டியும் கோளாறை வரவழைத்துப் பார்ப்பார்கள். வரவழைக்க முடிந்த கோளாறைத்தான் சரியானதா என்று பிறகு உறுதிசெய்யவும் முடியும்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

• என்னென்ன கோடுகள் வந்தன? எல்லாவற்றையும் எழுதித் தர முடியுமா? அழித்த பிறகு எது திரும்பி வந்தது?

• பேட்டரி, பியூஸ், ரிலே, எர்த் பார்த்தாயிற்றா? எர்த்தை ஓடும் நிலையில் அளந்தீர்களா?

• பெட்டியின் எந்தப் பகுதி பழுது? என்ன அளந்து அதைக் கண்டுபிடித்தீர்கள்?

• அது ஏன் பழுதானது? வெளியே இருந்து அதைக் கெடுத்த பொருள் எது?

• விலையில் புரோகிராமிங் சேர்ந்ததா? வாரன்டி எத்தனை மாதம்? பழைய பெட்டி திரும்பக் கிடைக்குமா?

நான்காவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அவசரப்படத் தேவையில்லை. இன்னொருவரிடமும் காட்டலாம். தேவையில்லாத பொருளைத் தலையில் கட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதற்குப் பில்லும், எழுதி வாங்கிய கோடுகளும் கையில் இருக்க வேண்டும்.

பெட்டியைக் காக்க

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றக் கூடாது. அப்போது எகிறும் மின் அழுத்தம் பெட்டியைப் பதம் பார்க்கும். ஜம்பர் கேபிள் போடும்போது பாஸிட்டிவ், நெகட்டிவ் இரண்டு முறை பார்த்துப் போட வேண்டும். வண்டியில் வெல்டிங் வைக்க நேர்ந்தால், முதலில் பேட்டரியைக் கழற்றிவிடச் சொல்ல வேண்டும். ஹாரன், கூடுதல் விளக்கு, ரிமோட் லாக் மாட்டுபவர் இன்ஜின் வயரிங்கில் கைவைத்துக் கம்பியை உரித்து முறுக்க விடக் கூடாது. வாட்டர் வாஷில் பானெட்டுக்குள் நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச விடாமல் இருப்பது நல்லது.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இன்னும் கவனம். தண்ணீர் வடிந்ததும் ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பினால், நனைந்த பலகையில் மின்சாரம் பாய்ந்து பிழைக்க வேண்டிய பெட்டியும் போய்விடும். சாவியைத் தொடாமல், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டோ செய்து கொண்டுபோவதே சரி. நனைந்த பெட்டி அன்று ஓடினாலும், உள்ளே அரிப்பு மெல்ல வளர்ந்து சில வாரம் கழித்து நிறுத்திவிடலாம். ஆகவே திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

டீச்சரின் பெட்டி இரண்டு நாளில் சரியாகி வந்தது. புதுக் காயில், ஒரு டிரான்சிஸ்டர், எர்த் வேலை, கூலி எல்லாம் சேர்த்துப் புதுப்பெட்டி விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மகனின் விடுதிப் பணம் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே கட்டியாயிற்று.

பில்லோடு ஒரு காகிதப் பொட்டலத்தையும் எலெக்ட்ரீஷியன் நீட்டினார். உள்ளே பழைய காயிலும், நடுவில் கருகிய சுண்டுவிரல் நக அளவுச் சில்லும் இருந்தன.

“இது எதுக்கு அண்ணே?”

“கழட்டினதக் கையில குடுத்துடணும் டீச்சரம்மா. எத மாத்தினேன்னு நீங்க பாக்க வேணாமா?”